சொல்வதற்கு முன்பும் சொன்ன பிறகும்: பால்புதுமை இளையோருக்கும் அவர்களோடு நிற்பவர்களுக்கும் ஒரு கைவழி

பெரும்பாலானோரிடமிருந்து வேறுபட்ட ஈர்ப்போ பாலின அடையாளமோ உள்ள பால்புதுமை இளையோருக்கு, தன்னை ஏற்றுக்கொள்வது ஒரு வேலை, அதை ஊருக்குச் சொல்வது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பல பிள்ளைகள் தேவையில்லாத ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். "சொல்லாவிட்டால் நான் பொய்யாக வாழ்கிறேன்" என்ற எண்ணத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய வாரம் அப்பாவிடம் போய் உடைத்துவிடுகிறார்கள். யாரிடமும் சொல்லாமலே ஒருவர் தன்னை முழுதாக ஏற்றுக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியும். எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது அவரவர் பாதுகாப்பையும் வசதியையும் பொறுத்தது. இந்த வழிகாட்டி தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதப்பட்டது. முன்பாதி இளையோருக்கு, பின்பாதி அவர்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு. இருவரும் இரண்டையும் படிப்பது நல்லது.

முதலில் தனக்குள்

மனசு யாரை நாடுகிறது என்பது ஒரு கேள்வி. தான் ஆணா, பெண்ணா, இரண்டிலும் அடங்காதவரா என்பது இன்னொரு கேள்வி. தமிழ்நாட்டில் இந்த இரண்டும் குழம்புவதற்குத் தெளிவான காரணம் உண்டு. கூவாகம் திருவிழா முதல் சினிமா வரை எல்லோரும் கண்டிருப்பது திருநங்கைகளை மட்டுமே. அதனால் இன்னொரு பையன் மேல் ஈர்ப்பு வந்த பையன் "அப்போ நான் திருநங்கையோ?" என்று பயந்துபோகிறான். பெண் மீது ஈர்ப்புள்ள பெண்ணுக்கும், பெண்ணாக வளர்க்கப்பட்டுத் தன்னை ஆணாக உணரும் திருநம்பிக்கும் தங்களைப் போன்ற ஒருவரைப் பார்க்கும் வாய்ப்பே இருப்பதில்லை. எனவே முதல் வேலை, இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்வது. இரண்டுக்கும் இன்றே விடை வேண்டியதில்லை. தன்பாலீர்ப்பாளர், ஈரர் (இருபாலர் மீதும் ஈர்ப்புள்ளவர்), திருநம்பி, பால்புதுமையர் என்று எந்தப் பெயரையும் எடுத்துப் பார்க்கலாம், பொருந்தாவிட்டால் வைத்துவிடலாம். யாரோடும் பழகிப் பார்த்து நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மற்ற பிள்ளைகளிடம் யாரும் அப்படி ஆதாரம் கேட்பதில்லை.

இது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் அதையே வெளிப்படையாகச் சொன்னது. குற்றமும் இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில், வயதுவந்த இருவர் சம்மதத்தோடு கொள்ளும் உறவை, அதைக் குற்றமாக்கியிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் விலக்கியது. ஆனால் ஒன்றைத் தெளிவாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 18 வயது நிரம்பாத ஒருவருடனான உடலுறவு, இருவருக்கும் விருப்பம் இருந்தாலும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி குற்றம்தான். ஆணும் பெண்ணும் ஆனாலும் இதே விதிதான். ஈர்ப்பு இருப்பது, அதைப் பேசுவது, காதலிப்பது எதுவும் குற்றமில்லை.

அறிவுக்குத் தெரிந்தாலும் மனசு உடனே ஒத்துக்கொள்ளாது. அவமான உணர்வு வேறு வேடங்களில் வரும். அவற்றில் மூன்றை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். ஒன்று, ஈடுகட்டுவது: "என்னிடம் இந்தக் குறை இருக்கிறது, அதனால் மற்ற எல்லாவற்றிலும் முதலாவதாக வர வேண்டும்" என்று படிப்பிலும் வீட்டு வேலையிலும் தன்னை வதைத்துக்கொள்வது. இதை வெளியில் இருப்பவர்கள் "தங்கமான பிள்ளை" என்று பாராட்டுவதால் கண்டுபிடிப்பதே கடினம். இரண்டு, தன்னைப் போன்ற இன்னொருவரை வகுப்பில் மற்றவர்களோடு சேர்ந்து கேலி செய்வது. மூன்று, "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று ஜாதகம் எடுக்கத் தலையாட்டுவது. மூன்றாவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அங்கே இன்னொருவருடைய வாழ்க்கையும் சேர்ந்து போகிறது. மேற்படிப்பு, வேலை, வெளியூர் என்று என்ன சொல்லியாவது தள்ளிப்போடுங்கள்.

பயன் தரும் ஒரு சின்னப் பயிற்சி உண்டு. மொட்டை மாடியிலோ, ஓடும் பைக்கிலோ, யாரும் இல்லாத ஓரிடத்தில் உங்களைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தைக் குரல் விட்டுச் சொல்லுங்கள். "எனக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும்." அவ்வளவு போதும். மனசுக்குள் ஆயிரம் தடவை ஓடிய வாக்கியம் வாய்வழி வரும்போது முதல் சில தடவை தொண்டை அடைக்கும், கை நடுங்கும். பிறகு சாதாரணமாகிவிடும். இதைச் செய்து பழகாமல் நேராக இன்னொருவரிடம் சொல்லப் போனால் பாதியில் அழுகை வந்து, கேட்பவர் ஏதோ விபரீதம் என்று பயந்துவிடுவார்.

சாமி கும்பிடுவதையோ தொழுகையையோ ஜெபத்தையோ இதற்காக விட வேண்டியதில்லை. நம்பிக்கை உள்ளவர்களுக்கு அது பெரிய பிடிமானம்.

கைபேசி

விரும்பாமலே வீட்டுக்குத் தெரிந்துபோவதற்குக் கைபேசி ஒரு முக்கியமான வழி. தமிழ் வீடுகளில் போன் பாதி பொதுச்சொத்து. தம்பி கேம் ஆட எடுப்பான், அம்மா போட்டோ பார்க்க வாங்குவார். இன்றே பார்க்க வேண்டியவை: வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதியில் தெரியாத கணினி ஏதும் இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். பூட்டுத்திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அறிவிப்பை மாற்றுங்கள். கூகுள் போட்டோஸ் அப்பாவின் கணக்கில் ஏறுகிறதா என்று பாருங்கள். போனைப் புதிதாக வாங்கியபோது அவருடைய மின்னஞ்சலைப் போட்டிருந்தால், நீங்கள் எடுக்கும் படம் அங்கே போய்ச் சேரும். யூடியூப் தேடல் வரலாறு ஒரே கணக்கில் இருந்தால் வரவேற்பறை டிவியிலும் அதே பரிந்துரைகள்தான் வரும். யுபிஐ கணக்கு அறிக்கையில் யாருக்குப் பணம் போனது என்று பெயர் வரும். கூட்டுக் கணக்கு என்றால் இதை மறக்க வேண்டாம்.

இன்ஸ்டாகிராமில் தனிக் கணக்கு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் விடும் ஓட்டை இது: தொடர்பு எண்களை ஒத்திசைக்கும் வசதியும், உங்கள் கணக்கை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கும் வசதியும் திறந்தே இருக்கும். அடுத்த வாரம் உங்கள் மாமா மகனுக்கு "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று அந்தக் கணக்கு போய் நிற்கும். இரண்டையும் அணையுங்கள். புதிய கணக்குக்கு வீட்டில் யாரிடமும் இல்லாத மின்னஞ்சலைப் பயன்படுத்துங்கள்.

துணை தேடும் சந்திப்புச் செயலிகள் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். முதலில் வீடியோ அழைப்பில் முகம் பார்க்க வேண்டும். முதல் சந்திப்பு ஆள் நடமாட்டமுள்ள கடையில், பகலில், ஒரு நண்பருக்கு இடத்தைச் சொல்லிவிட்டு. முகம் தெரியும் அந்தரங்கப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். பணம் கேட்டு மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். கொடுத்தவரிடம்தான் மறுபடி கேட்பார்கள். உரையாடலையும் எண்ணையும் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு, தடை செய்துவிட்டு, 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் கொடுங்கள். மிரட்டல் என்பதுதான் குற்றம். உங்கள் ஈர்ப்பு புகாரில் ஒரு பொருட்டே இல்லை.

முதல் ஆள்

முதலில் சொல்லும் ஆள் பெற்றோராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அப்படி இல்லாமல் இருப்பதே நல்லது. ரகசியம் காக்கத் தெரிந்தவர், உங்கள் படிப்புச் செலவோ தங்குமிடமோ தன் கையில் இல்லாதவர், கேட்டவுடன் அறிவுரை சொல்லத் துடிக்காதவர், இந்த மூன்றும் உள்ள ஒரு தோழியோ அக்காவோ போதும். இதற்கு முன் அவரிடம் வேறொரு சின்ன ரகசியம் சொல்லி, அது எங்கும் போகாமல் நின்றதா என்று பார்த்திருந்தால் இன்னும் நல்லது.

நாடி பிடித்துப் பார்க்க ஒரு செய்தியைப் பேசிப் பார்க்கலாம். ஏதாவது ஒரு தீர்ப்பையோ படத்தையோ பற்றிப் பேச்சை எடுத்து முகத்தைக் கவனிப்பது நல்ல உத்திதான். ஆனால் அதை முழுதாக நம்பாதீர்கள். ஊரார் பிள்ளைக்கு முற்போக்காகப் பேசுபவர் தன் பிள்ளை என்றதும் மாறிவிடுவது உண்டு. வாய்க்கு வந்தபடி திட்டுபவர் தன் தங்கை என்றதும் இறங்கி வருவதும் உண்டு.

சொல்லும்போது நீட்டி முழக்க வேண்டாம். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்குப் பசங்களைத்தான் பிடிக்கும். இப்போதைக்கு உனக்கு மட்டும்தான் தெரியும். வேற யார்கிட்டயாவது சொல்லணும்னா என்னைக் கேட்டுட்டுச் சொல்லு." இதில் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கெட்ட எண்ணம் இல்லாமலே, "அவளுக்கு உதவி பண்ணலாமேன்னு" இன்னொருவரிடம் சொல்லிவிடும் நண்பர்கள் ஏராளம்.

வீட்டில் சொல்வது

சாப்பாடும் கட்டணமும் கூரையும் பெற்றோர் கையில் இருந்து, அவர்கள் அடிக்கும் வழக்கமும் உள்ளவர்கள் என்றால், இப்போது சொல்லாதீர்கள். படிப்பு முடிந்து முதல் சம்பளம் வரும்வரை தள்ளிவைப்பது கோழைத்தனம் இல்லை, கணக்கு.

சொல்வது என்று முடிவெடுத்தால் அதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் அசல் (வயதுக்கு ஆதாரம் அதுதான்), ஆதார், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், கல்விக்கடன் இருந்தால் அதன் தாள்கள். பீரோவில் அம்மா சேலைக்கு அடியில் இருக்கும் கோப்பிலிருந்து இவற்றை எடுக்க நாள் பிடிக்கும். அசலை எடுக்க முடியாவிட்டால் எல்லாவற்றையும் படம் பிடித்து, வீட்டில் யாருக்கும் தெரியாத மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும், உங்கள் எண்ணோடு இணைந்திருக்க வேண்டும். சிம் அட்டையும் உங்கள் பெயரில் இருக்கட்டும். அப்பா பெயரில் உள்ள சிம்மை அவர் ஒரே அழைப்பில் முடக்கிவிடலாம், அதோடு வங்கி ஒடிபியும் போய்விடும். இரண்டு மாதச் செலவுக்குப் பணம், மூன்று இரவு தங்க ஒரு வீடு. அன்று மாலை போனை எடுத்துக் காத்திருக்க ஒரு ஆள். அவரோடு முன்பே ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அந்த நோட்ஸ் அனுப்பு" என்று செய்தி வந்தால் அவர் உடனே கிளம்பி வர வேண்டும்.

நேரம்: விசேஷ வீட்டில் வேண்டாம், தேர்வு வாரத்தில் வேண்டாம், சண்டையின் நடுவில் ஆயுதம்போல் வீச வேண்டாம், வண்டி ஓட்டுபவரிடம் வேண்டவே வேண்டாம். அடுத்த நாள் விடுமுறையாக உள்ள மாலை நல்லது. பெற்றோர் இருவரில் யார் மென்மையானவரோ அவரிடம் முதலில். "அம்மா, நான் சொல்றதை முழுசா கேட்டுட்டு அப்புறம் பேசு" என்று தொடங்குங்கள்.

வரும் கேள்விகள் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "யாரு உன்னைக் கெடுத்தது?" என்றால், "யாரும் இல்லம்மா. விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இப்படித்தான்." "டாக்டர்கிட்ட போலாமா?" என்றால், "இது நோய் இல்லன்னு டாக்டருங்களே சொல்லியிருக்காங்க. உனக்குச் சந்தேகம்னா நீயும் நானும் சேர்ந்து ஒரு நல்ல மனநல டாக்டர்கிட்ட கேட்கலாம். ஆளை நான் பார்த்துச் சொல்றேன்." மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?" என்ற கேள்விக்கு, "யார்கிட்டயும் இப்போ சொல்ல வேண்டாம். நாம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்" என்பது பெற்றோருக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். "என் வளர்ப்புல எங்க தப்பு?" என்று அம்மா அழுதால் வாதம் செய்யாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

முதல் நாள் எதிர்வினையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நீங்களே பல வருடம் எடுத்துக்கொண்ட விஷயத்தை அவர்கள் ஒரு மணி நேரத்தில் ஏற்கவேண்டும் என்பது நடக்காது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எஸ். சுஷ்மா என்ற வழக்கு வந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு. அதை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று திறந்த மனதோடு சொல்லி, தானே ஓர் உளவியலாளருடன் அமர்ந்து கேட்டறிந்த பிறகே உத்தரவு எழுதினார். சட்டம் படித்தவருக்கே கால அவகாசம் தேவைப்பட்டிருக்கிறது.

அடைத்து வைத்தால், தேடி வந்தால்

அந்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவு நடைமுறையில் மிகவும் உதவக்கூடியது. பெண்ணையோ பையனையோ காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்து, விசாரணையில் அவர்கள் சம்மதத்தோடு சேர்ந்து வாழும் வயதுவந்த பால்புதுமையர் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, எந்தத் தொந்தரவும் செய்யாமல் போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். எனவே 18 வயது நிரம்பியவர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால், அன்றே ஒரு கடிதம் எழுதுங்கள்: பெயர், பிறந்த தேதி, "நான் என் விருப்பத்தின்பேரில் வெளியேறினேன், என்னை யாரும் கடத்தவில்லை, நகையோ பணமோ எடுத்து வரவில்லை", தேதி, கையெழுத்து. வயதுச் சான்றின் நகலோடு வீட்டுப்பகுதி காவல் நிலையத்துக்கும் மாவட்டக் கண்காணிப்பாளர் அல்லது மாநகர ஆணையர் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நகை பற்றிய வரி முக்கியம். திருட்டுப் புகார்தான் அடுத்து வரக்கூடியது. வீட்டு நகை எதையும் உண்மையிலேயே தொடாதீர்கள், அது உங்கள் காதுத் தோடாக இருந்தாலும்.

வீட்டுக்குள் அடைத்துவைத்துப் போனையும் பறித்துவிட்டால், வெளியில் இருக்கும் நண்பர், அடைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் போடலாம். தேவு ஜி. நாயர் வழக்கில் 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு நெறிமுறை வகுத்தது. அடைக்கப்பட்டவரிடம் நீதிபதி பெற்றோர் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும், ஈர்ப்பை மாற்றும் நோக்கத்தில் ஆலோசனைக்கு அனுப்பக் கூடாது. 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த ஓர் இளம்பெண்ணை அவர் விருப்பப்படி போக விட்டதோடு, குடும்பம் என்பது திருமணத்தால் மட்டும் அமைவதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் உண்டு என்று பதிவு செய்தது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் 15100 இலவசச் சட்ட உதவி எண். உடனடி ஆபத்துக்கு 112, பெண்களுக்கு 181, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 1098.

இதெல்லாம் இந்தியாவுக்கு. இலங்கையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365ஏ பிரிவுகள் நீண்ட காலமாக இருந்துவருபவை. மலேசியாவிலும் சட்டம் எதிராகவே உள்ளது. சிங்கப்பூர் 2022 நவம்பரில்தான், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்க நாடாளுமன்றத்தில் முடிவெடுத்தது. அங்கெல்லாம் போலீஸை அணுகும் முன் உள்ளூர் அமைப்பு ஒன்றிடம் பேசுங்கள்.

"மாத்திடலாம்" என்பவர்கள்

ஊசி, மாத்திரை, மின் அதிர்ச்சி, வசியம், பேயோட்டுதல், தாயத்து, "ஒரு பொண்ணோட பழகவிட்டா சரியாயிடும்" எல்லாமே ஒரே ரகம். எதுவும் ஈர்ப்பை மாற்றாது. பிள்ளையின் தூக்கத்தையும் நம்பிக்கையையும் உடைக்கும், சில நேரம் உயிரையே எடுக்கும். சுஷ்மா வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், மாற்றும் சிகிச்சை என்பது மருத்துவரின் தொழில் நெறிமீறல் என்று அறிவித்தது. செய்கிற மருத்துவர் மீது மாநில மருத்துவக் கவுன்சிலில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். மருந்துச்சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.

நல்ல ஆலோசகரைப் பணம் கட்டும் முன்பே போனில் சோதிக்கலாம். "தன்பாலீர்ப்பாளர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா?", "பெற்றோர் மாற்றச் சொன்னால் என்ன செய்வீர்கள்?", "நான் சொல்வதைப் பெற்றோரிடம் எந்தச் சூழ்நிலையில் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு "முதல்ல வாங்க, பார்த்துக்கலாம்" என்று வழுக்கினால் போக வேண்டாம். மூன்றாவதற்கு நேர்மையான பதில், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் என்பதுதான்.

பெற்றோருக்கு

பிள்ளை சொன்ன அன்று நீங்கள் செய்ய வேண்டியது மிகவும் குறைவு. "சொன்னது நல்லதாச்சு. எனக்குப் புரிய கொஞ்சம் நாளாகும். ஆனா நீ என் பிள்ளை, அதுல மாற்றம் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு போடுங்கள். போனைப் பிடுங்க வேண்டாம், கல்லூரியை நிறுத்த வேண்டாம், பெரியப்பாவுக்கும் ஜோசியருக்கும் போன் போட வேண்டாம். உங்களுக்கு அழ வேண்டும்போல் இருந்தால் அழுங்கள், ஆனால் பிள்ளையை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைக்காதீர்கள். உங்கள் பாரத்தை இறக்க இதே நிலையில் உள்ள வேறு பெற்றோர் உதவுவார்கள். ஸ்வீகார் என்ற பெற்றோர் அமைப்பு 2017 முதல் அதற்காகவே இயங்குகிறது. சென்னையின் ஓரினம் அமைப்பு தமிழிலேயே தகவல் தருகிறது.

பேச்சுக்குப் பிறகு பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தால், "நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி" என்பதுபோல் பேசினால், நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, தூக்க மாத்திரை, பாட்டியின் சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் பூட்டி, சாவியை வெளியே கொடுத்துவிடுங்கள். வேகம் தணியும் அந்தச் சில மணி நேரம் உயிரைக் காக்கும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ஆசிரியருக்கு

மாணவர் உங்களிடம் வந்து சொன்னால் பெற்றோரைக் கூப்பிடாதீர்கள். அக்கறையோடு செய்யப்படும் அந்த ஒரு அழைப்பால் பிள்ளை அன்றிரவே அடிவாங்கலாம், படிப்பும் நின்றுபோகலாம். ஒரு மாணவி தனக்குப் பெண்களைப் பிடிக்கும் என்று சொல்வது போக்சோவின்கீழ் தெரிவிக்க வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், 19ஆம் பிரிவின்படி தெரிவித்தே ஆக வேண்டும். இந்த எல்லையைப் பிள்ளை பேச ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன்னை யாராவது துன்புறுத்தியிருந்தாலோ, 18 வயசுக்குள்ள உடலுறவு நடந்திருந்தாலோ மட்டும் நான் மேலே சொல்லியாகணும்." பாதி சொன்ன பிறகு இதைச் சொன்னால் அது துரோகமாகப் படும்.

வகுப்பில் "ஒம்போது", "பொட்ட" என்ற கேலி வந்த அடுத்த நொடியே, பாடத்தை நிறுத்தி, "இந்த வார்த்தை என் வகுப்புல கிடையாது" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். கேலிக்கு ஆளான பிள்ளையின் பக்கம் அப்போது திரும்பாதீர்கள், பெயரைச் சொல்லாதீர்கள். நீண்ட பிரசங்கம் வைத்தால் எல்லாக் கண்களும் அந்தப் பிள்ளை மீதே விழும். கேலி செய்தவனிடம் தனியாகப் பிறகு பேசலாம். வருகைப் பதிவில் திருநங்கை, திருநம்பி மாணவரை அவர் விரும்பும் பெயரில் வாய்மொழியாக அழைக்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. அவர் மட்டும் பயன்படுத்த ஆசிரியர் கழிப்பறைச் சாவியைக் கொடுப்பதும் தலைமையாசிரியரின் ஒரு வாய்வார்த்தையில் முடியும். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்துச் சிறுநீர்த் தொற்றோடு பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சாவி படிப்பையே மிச்சம் பிடிக்கும்.

கல்லூரியில் இத்தகைய கேலி ராகிங். பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் கொண்டுவந்த திருத்தம், பாலின அடையாளத்தையும் பாலியல் ஈர்ப்பையும் காரணமாகக் கொண்ட கேலி, ஒதுக்கல் இரண்டையும் ராகிங் என்றே சேர்த்திருக்கிறது. 1800-180-5522 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

எல்லோர் முன்னும் நிற்பது

பொதுவெளியில் ஆதரவு காட்டுவதில் ஒரே ஒரு விதியை மீறவே கூடாது. உங்கள் ஆதரவு யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. "என் தம்பியும் அப்படித்தான், அதனாலதான் சொல்றேன்" என்று வாதத்தில் வென்றுவிட்டு, தம்பியைத் தோற்கடிப்பவர்கள் உண்டு. கல்யாண வீட்டில் சித்தப்பா கேலி பேசினால், "சித்தப்பா, அப்படிப் பேசாதீங்க, கேட்கவே நல்லா இல்ல" என்பது போதும். விவாதத்தில் ஜெயிக்கத் தேவையில்லை. அந்தப் பந்தியில் வாய்திறக்காமல் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு, இந்த வீட்டில் யாரிடம் போகலாம் என்று அந்த ஒரு வரி தெரியவைக்கும்.

கல்லூரியில் ஆதரவுக் குழு தொடங்குபவர்கள் அதை எல்லோருக்கும் திறந்ததாக வையுங்கள். "பால்புதுமை மாணவர் சங்கம்" என்று வைத்தால் வாசலில் நிற்பதே அறிவிப்பாகிவிடும். பாலின சமத்துவ வாசிப்பு வட்டம் என்றால் யாரும் வரலாம். துறைத்தலைவரின் அனுமதிக் கடிதத்தில் ஒருங்கிணைப்பாளர் இருவர் பெயர் மட்டும் இருக்கட்டும். வருகைக் கையெழுத்துத் தாள் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும், ஒரு திரைப்பிடிப்பு போதும். எண்ணை மறைக்கும் வசதியுள்ள டெலிகிராம் பரவாயில்லை. அதிலும் செட்டிங்ஸில் போய் எண் யாருக்கும் தெரியாதபடி மாற்றினால்தான் மறையும்.

பால்புதுமையரின் சென்னை வானவில் பேரணி 2009 முதல் ஜூன் மாதத்தில் நடந்துவருகிறது. பெற்றோரும் நண்பர்களும் பதாகை பிடித்துப் போகலாம், போக வேண்டும். பதாகையில் "என் மகளுக்காக" என்று எழுதும் முன் மகளிடம் கேளுங்கள். அவர் தயாராக இல்லையென்றால் "எல்லாப் பிள்ளைகளும் நம் பிள்ளைகள்" என்பதும் அதே வேலையைச் செய்யும். முதல்முறை போகும் இளையோர் முகக்கவசமும் தொப்பியும் எடுத்துப் போங்கள். கல்லூரி அடையாள அட்டைக் கயிறு, ஊர்ப் பெயர் போட்ட சட்டை, எளிதில் அடையாளம் தெரியும் பை வேண்டாம். பத்திரிகையாளர்கள் முன்வரிசையிலும் பெரிய பதாகை பக்கத்திலும்தான் சூழ்ந்திருப்பார்கள், நடுவில் நடப்பது நல்லது. யாராவது பேட்டி கேட்டால் மறுக்கலாம். நண்பர்கள் எடுக்கும் படங்களை அன்றே பதிவேற்றாமல், பின்னணியில் தெரியும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, கேட்க முடியாதவர்களின் முகத்தை மறைத்துவிட்டுப் போடுங்கள். இடத்தைக் காட்டும் குறியை நீக்கிவிடுங்கள். திரும்பும்போது முகத்தில் பூசிய வண்ணத்தைத் துடைக்க ஒரு ஈரத்துணியும், மாற்றிக்கொள்ள ஒரு சட்டையும் பையில் இருக்கட்டும்.